புதுப்பல்லுக்குக் காத்திருந்த வீடு

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம். என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா வேலை; மாதம் ஒருமுறைதான் வருவார். வயல்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் நானும் மாமாவும் அத்தையும் மட்டும்.

கன்னிப்பூ நெல் அறுவடையின்போது வரப்பில் உட்கார்ந்த மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு இரைத்தது. ஆட்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். அறுபதைத் தொடாத மனிதர். அவருடைய அப்பாவும் அண்ணனும் இப்படித்தான் வெளுத்து, இரைத்து, அறுபதுக்கு முன்பே போனவர்கள்.

"எனக்கும் வயசு முடிஞ்சாச்சு," என்றார் அத்தையிடம்.

யாரோ சொல்லி இரணியலுக்கு மேற்கேயிருந்து ஒரு வைத்தியர் வந்தார். காயகற்பம் செய்தால் நரை போகும், பல் புதிதாக முளைக்கும், உடம்பு இருபது வருஷம் பின்னால் போகும் என்றார். ஒரு மண்டலம் இருட்டறையில் இருக்க வேண்டும். பாலும் லேகியமும்தான் ஆகாரம். நெல் போடும் அறையை ஒழித்து, ஜன்னலை மண் வைத்து அடைத்தார்கள். கதவின் அடிப்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். மாமா உள்ளே போனதும் வைத்தியர் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வாரம் ஒருமுறை விடியுமுன் வந்து பார்த்துவிட்டு, லேகியம் கொடுத்துவிட்டுப் போவார். இடையில் வெளிச்சம் பட்டால் உயிருக்கே ஆபத்து என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

பால் வைப்பது என் வேலை. முதலில் மாமாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு வாயில் எச்சில் நிறைந்தவர் பேசுவதுபோல் குழறியது.

"மக்கா, பல்லு ஆடுகு," என்றார் ஒருநாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

அத்தை ஓடிவந்து ஓட்டையருகே குனிந்தாள். "நெசமாவா? புதுப்பல்லு வரப்போகுதுட்டி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வைத்தியரும் அதையே சொன்னார். "அதுதான் லெச்சணம். பழசு போனாத்தானே புதுசு வரும்? பேடிக்க வேண்டாம், பயமொண்ணும் இல்ல."

ஆனால் பால் செம்பை வாங்க நீண்ட மாமாவின் கை நடுங்கியதைப் பார்த்தபோது எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்த கோட்டாற்றில் எங்கள் தெருவில் பாத்திரங்களுக்குப் பொன்முலாம் பூசும் ஒருவர் இருந்தார். பாதரசத்தை நெருப்பில் புகையவிடும் வேலை. அவருக்கும் எச்சில் ஒழுகும். ஈறு வீங்கிப் பல் ஆடும். கை இப்படித்தான் நடுங்கும்.

அடுத்தமுறை வைத்தியர் வந்தபோது கேட்டேன். "லேகியத்துல ரசம் உண்டா?"

"சுத்தி செய்த ரசம். பெண்ணுங்களுக்கு இதொண்ணும் விளங்காது," என்றவர், அத்தையிடம் என்னைக் கதவருகே விடக்கூடாது என்று சொல்லிப் போனார். அன்றே கணவருக்குத் தந்தி கொடுக்க ஆள் அனுப்பினேன். அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து ஓட்டையருகே படுத்தேன்.

"மாமா, அந்த லேகியத்தைத் தின்னாதீங்க. அது விஷம்."

உள்ளே அவர் ஓட்டையருகே நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் சாகும்போது நான்தான் பக்கத்துல இருந்தேன் மக்கா. எனக்கு அந்தச் சாவு வேண்டாம்."

மறுநாள் காலையில் அத்தை வைத்த பால் அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. கதவை உடைக்கலாம் என்றேன். அத்தை கதவை மறித்து நின்றாள்.

"தொறந்தா செத்துப்போவாருண்ணுல்லா சொல்லியிருக்காரு!"

"தொறக்கல்லண்ணாலும் செத்துப்போவாரு அத்தை."

அவள் என்னை முறைத்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கதவோரம் கிடந்த மாமாவின் பாதம் அகப்பட்டிருக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்த்தவள் முகம் மாறியது.

"காலு வீங்கி நீரு வச்சிருக்கு. அமுக்குன எடம் எந்திக்கல்ல," என்றாள். அடுத்த நிமிஷம் வயலைப் பார்த்து அவள் போட்ட கூச்சல் இன்றும் காதில் இருக்கிறது. "ஏலே, கடப்பாரைய எடுத்துட்டு ஓடியாங்கலே!"

கதவு பிளந்ததும் மாமா கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினார். முகம் வீங்கி, தாடி பஞ்சாய் வெளுத்து, உள்ளே போனவரைவிடப் பத்து வயது மூத்தவராய்க் கிடந்தார். மடியில் இரண்டு பற்களை முடிந்து வைத்திருந்தார்.

வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. மூத்திரம் போனால் பிழைப்பார்," என்று மட்டும் சொன்னார். என் கணவரும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் கட்டிலடியில் இருந்த காலிக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் நர்சு குப்பியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் கொஞ்சம் இருந்தது. அத்தை அதைக் கும்பிட்டாள்.

மாமா தேறி வந்தபோது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வரப்பில் அவரை உட்காரவைத்தது வயசல்ல, குடலில் இருந்த கொக்கிப்புழு. மலம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களின் பாதம் வழியாக ஏறி, ரத்தத்தை உறிஞ்சி, ஆளை வெளுக்க வைத்துவிடுமாம். அதற்கு மருந்து உண்டு.

மாமா போர்வையை விலக்கித் தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, "அப்பம் எங்க அண்ணனுக்கும் இதுதானா?" என்று கேட்டார். டாக்டர் அவருடைய தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வைத்தியர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் தின்று மாமா பழையபடி நடந்தார். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டி, ஊரார் சிரிக்கச் செருப்புப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். வேலையாட்களையும் மருந்து வாங்க அனுப்பினார்.

எழுபத்தைந்து தாண்டியும் உயிரோடு இருந்தார். முதுமை என்பது என்னவென்று அவரிடம் நான் பார்த்தது அந்த வருஷங்களில்தான். காது மந்தமானது, கண்ணில் புரை விழுந்தது, மிச்சப் பற்களும் போய்க் குழைந்த சோறு உண்டார். எதற்கும் அவர் பயப்படவில்லை. சாயங்காலம் வயலிலிருந்து திரும்பி, "இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் வந்தேன்," என்பார். அவ்வளவுதான்.