செபத்தில எனக்குத் தெரிஞ்ச பாதி

பேசாலையில என்னைப்போல செபமாலை சொல்லுற ஆம்பிளை ஒருத்தனும் இல்லை.

பொய். என்ர மனுசி திரேசா முன்னுக்கு இருந்து முறைக்கிறா, அதால உண்மையைச் சொல்லுறன். கனகாலம் எனக்குப் பாதிதான் தெரியும். எங்கட வீடுகளில பொம்பிளையள் "அருள் நிறைந்த மரியாயே" எண்டு தொடங்குவினம். ஆம்பிளையள் நாங்கள் சுவரில சாய்ஞ்சுகொண்டு "அர்ச்சிஷ்ட மரியாயே" எண்டு மிச்சத்தை இழுப்பம். பள்ளிக்கூடப் பக்கமே போகாத எனக்கு அந்தப் பாதியே பெரிய படிப்பு.

இந்தச் சண்டை தொடங்கின புதிசு. நேவி கடலில போட்ட எல்லையைத் தாண்டினால் வெடிதான். ஒருநாள் காலமை எங்கட வள்ளத்தின்ர மிசின் நடுக்கடலில நிண்டுபோச்சு. நங்கூரக் கயிறும் அறுந்துபோச்சு. நானும் திரேசான்ர தம்பி சூசையும்தான் வள்ளத்தில. நீரோட்டம் எங்களை எல்லைக்கு அங்கால இழுக்குது. அதுக்கு முந்தின கிழமை அந்தப் பக்கம் போன ரெண்டு பேர் திரும்பி வரேல்லை.

தூரத்தில நேவிப் படகின்ர சத்தம்.

"அத்தான், செபமாலையைத் தொடங்குங்கோ."

"நீ தொடங்கு மச்சான்."

"எனக்குப் பின்பாதிதான் தெரியும்."

"எனக்கும் அதுதானடா!"

பாருங்கோ எங்கட கோலத்தை. தெரிஞ்சதைத்தான் கத்தினம். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." மரணம் எண்டு வரேக்கையெல்லாம் சூசை என்ர கையை நசுக்கிறான்.

"அத்தான், அந்தச் சொல்லை மட்டும் விட்டிட்டுச் சொல்லுவமோ?"

"அதையும் விட்டால் எனக்கு என்னடா மிஞ்சும்?"

படகு கிட்ட வந்திட்டுது. துவக்கு எங்கட நெஞ்சைப் பாத்தபடி. கையைத் தூக்கிக்கொண்டு குழறினம். ஆண்டவரே, மிச்சத்தைப் படிக்கிறதுக்காவது உயிரோட விடும் எண்டு மனசுக்குள்ள கெஞ்சினன்.

அப்ப துவக்குப் பிடிச்சு நிண்ட நேவிக்காரன் வாயைத் திறந்தான்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க..."

தமிழ்தான். கொஞ்சம் உடைஞ்ச தமிழ். சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெடியனாம், வீட்டில தமிழிலதான் செபம் சொல்லுறவையாம். அவன் முடிக்க, எங்கட வாய் தானாய் மறுமொழி சொல்லிப்போட்டுது. துவக்கு மெல்ல மெல்லக் கீழ பதிஞ்சுது. பெரியவனோட சிங்களத்தில என்னவோ கதைச்சான். கயிறு எறிஞ்சு எங்களை எல்லைக்கு உள்ளுக்கு இழுத்து விட்டாங்கள்.

கரைக்கு வந்தாப்பிறகுதான் எனக்கு விளங்கினது. ஆண்டவர் எனக்கு மறுமொழி தந்தார். அதுவும் எனக்குத் தெரியாத பாதியில, துவக்குப் பிடிச்சவன்ர வாயால.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில, முதல்முதலாப் புதுநன்மை எடுக்கப்போற சின்னப் பிள்ளையளோட போய்க் குந்தினன். என்ர பாரத்தில அந்த வாங்குப் பலகை முனகிச்சுது.

"மாமா, நீங்கள் பெயிலோ?" எண்டு ஒரு சின்னப்பெட்டை கேட்டுது.

"ஓம் பிள்ளை, கனகாலமாய்."

முதற்பாதி படிச்சன். விசுவாசப் பிரமாணம் படிச்சன். இப்ப எழுத்துக்கூட்டி நற்செய்தி வாசிக்கிறன், ஒரு பக்கம் முடியிறதுக்குள்ள வேர்த்துப்போகுது. ஞானஸ்நானத்தோட படிப்பு முடிஞ்சுதெண்டு நினைச்சவன் நான். சாகுமட்டும் வகுப்பு இருக்கு. பயம் போகேல்லை. ஆனால் தொடங்கத் தெரியும். பின்னுக்குக் கோயில் சுவரில சாய்ஞ்சிருக்கிற ஐயாமாரே, நீங்களும் நம்பி வாங்கோ, வாங்கில இடம் கிடக்கு. அந்த நேவிப் பெடியனைப் பிறகும் ஒருக்கா நான்...

"இஞ்சேரப்பா, கதை காணும்! திரும்பவும் ஷெல் சத்தம் கேக்குது, பிள்ளையள் அழுகுதுகள். செபமாலையைத் தொடங்குங்கோ."

ஓம் திரேசா, வாறன். எல்லாரும் முழங்காலில நில்லுங்கோ. என்ர குரல் நடுங்கினால் சிரிக்காதையுங்கோ.

அருள் நிறைந்த மரியாயே...