ஒரே மாட்டுப் பால்

கைக்குழந்தைக்குப் பசும்பால் கொடுப்பதென்றால் ஒரே மாட்டின் பாலைத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு விதி இருந்தது. பாக்கெட் பால் ஆகாது, அது நூறு மாட்டுப் பால். சொசைட்டிப் பாலும் ஆகாது, ஊர் மாடுகள் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். இன்று ஒரு மாடு, நாளை ஒரு மாடு என்று மாற்றினால் குழந்தையின் வயிறு கெட்டுவிடும். இதைச் சொன்னவர்களில் ஒருவராவது, கைக்குழந்தைக்கு மாட்டுப்பால் எதற்கு என்று கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. போய் ஒரு மாடு வாங்கி வந்தேன்.

சிறுசேரியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் வேன் ஓட்டினேன். செங்கல்பட்டிலும் பொத்தேரியிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஷிப்டுக்கு இறக்கிவிட வேண்டும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என் மனைவி ஒரு துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வரும்போது இருட்டிவிடும். பகலில் குழந்தையை அக்கா பார்த்துக்கொண்டாள். அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். ஒரே மாட்டுப் பால் விதியை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

மாடு நல்ல மாடு. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேளைக்குக் கறந்தது, யாரையும் உதைக்கவில்லை. அக்கா பாலைக் காய்ச்சி, முதலில் பாதித் தண்ணீர் கலந்தாள். பிறகு கால் பங்கு. எட்டாம் மாதத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டாள். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிப்பாள். சோறு ஊட்டினால் துப்புவாள். கேழ்வரகுக் கூழை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாலில் ஊறவைத்த பிஸ்கட் மட்டும் இறங்கும். பால்தான் போகிறதே, சோறு எங்கே ஓடிவிடப் போகிறது என்று அக்கா சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வயிறு நிறைந்திருந்தது, உடம்பு உருண்டு திரண்டிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மகள் பிறக்கும்போது கறுப்பு. நான் கறுப்பு, என் மனைவியும் கறுப்பு, அவள் வேறு எந்த நிறத்தில் பிறந்திருக்க முடியும் என்று தெரியவில்லை. ஆனாலும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தையாச்சே என்றார்கள். ஒருத்தி என் மனைவியிடம், மாசமாக இருக்கும்போது குங்குமப்பூ சாப்பிடவில்லையா என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். காப்பி கொடுத்து அனுப்பினோம்.

ஒன்பதாம் மாதத்தில் மகள் நிறம் மாறினாள். முதலில் முகம் வெளுத்தது, பிறகு கை கால். தெருவில் பார்த்தவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பசும்பால் வேலையைக் காட்டிவிட்டது என்றார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அழாத குழந்தை, போட்ட இடத்தில் கிடக்கும், பகல் முழுக்கத் தூங்கும், தங்கமான பிள்ளை என்று எல்லாரிடமும் சொன்னாள். மகள் தவழ்ந்து போய்ச் சுவரில் இருக்கிற சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள். அதற்கும் சிரித்தோம்.

நானும் கம்மென்று இருக்கவில்லை. பூஞ்சேரி கூட்ரோட்டு டீக்கடையில் டிரைவர்கள் உட்காருவோம். அங்கே மாட்டைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசினேன். என்னோடு வேன் ஓட்டிய ஒருவனுக்கு என் மகளைவிட இரண்டு மாதம் சின்னவனாக ஒரு பையன் இருந்தான். அவன் பத்து வருஷ சினேகிதன். தன் பையனுக்கும் அதே மாட்டுப் பால் வேண்டுமென்று கேட்டான். தினமும் காலையில் ஒரு தூக்குச் சட்டியில் அவன் வீட்டுக்குப் பால் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

என் மனைவிக்கு மட்டும் சந்தோஷமில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"இங்க பாருய்யா. கையி தாளு மாதிரி கீது. எனுக்கு இது நல்லதாப் படல."

வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் இருக்கிறவர்களைக் குறை சொல்லாதே என்றேன். அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். மனைவி மகளின் கையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில் போட வேண்டியது. எங்கள் இரண்டு பேர் வேலையில் அது பதினொன்றாம் மாதம் வரை தள்ளிப்போனது. மனைவிக்கு லீவு கிடைக்காததால் நான் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். ஊசி போட வந்த நர்ஸம்மா எங்கள் ஊருக்குப் பல வருஷமாக வருகிறவர். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். மகளைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்பா, இன்னா குடுக்கறீங்க கொழந்தைக்கு?"

"பசும்பால்மா. ஒரே மாட்டுப் பாலு. எங்க வூட்டு மாடுதான்."

"வேற?"

"பிஸ்கட்டு."

"வேற?"

வேறு ஒன்றும் இல்லை. அவர் மகளின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். பிறகு தன் இமையை இழுத்துக் காட்டினார். அவருடையது சிவப்பு. மகளுடையது உரித்த வெங்காயம் போல இருந்தது.

"நெறம் வந்துச்சுன்னு சொல்லிகினு இருந்தீங்களா?"

நான் மகளின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.

"இது நெறமில்லப்பா. ஒடம்புல ரத்தம் இல்ல. ஊசி அப்புறம் பாத்துக்கலாம். வூட்டுக்குப் போவாத, இப்படியே செங்கல்பட்டு போ."

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் என்று கேட்டார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மண், சுவர் ஏதாவது தின்கிறதா என்றும் கேட்டார். இது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதில் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதனால்தான் மூச்சு வேகமாக வாங்குகிறது, இதயம் இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்றார். பெட்டில் சேர்த்துக்கொண்டு, இதற்குமேல் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சினேகிதனுக்குப் போன் போட்டேன். ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். இரண்டு நாள் வராந்தாவிலேயே நின்றான். மூன்றாம் நாள் பரிசோதனையில் இறங்கவில்லை, ஒரு நூல் ஏறியிருந்தது. இரும்புச் சத்துச் சொட்டு மருந்தே போதும் என்றார்கள். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

கிளம்பும் நாளில் டாக்டர் என்னையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். மாட்டுப்பாலில் இரும்புச் சத்து இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. அதைக் குடித்து வயிறு நிறைந்துவிட்டால் இரும்பு இருக்கிற சோறு உள்ளே போகாது. போகிற கொஞ்சத்தையும் பால் உடம்பில் சேரவிடாது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தமும் கசியும். ஒரு வயது முடியும் வரை குடிக்கத் தாய்ப்பால்தான். தாய்ப்பால் கொடுக்க முடியாவிட்டால் டாக்டரைக் கேட்க வேண்டும், மாட்டைத் தேடக்கூடாது. கூழில் இரண்டு கரண்டி பால் கலக்கலாம், அது தப்பில்லை. பாட்டிலில் குடிக்கக் கொடுப்பதுதான் தப்பு. ஒரே மாடா என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். ஒரு மாடாக இருந்தாலும் நூறு மாடாக இருந்தாலும் அது மாட்டுப்பால்தானே என்றார்.

என் மனைவி நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு மாதம் கம்பெனிக்குப் போகவில்லை. மகள் பாட்டில் கேட்டு அழுதாள். அதுவரை அழாத குழந்தை, கொஞ்சம் தெம்பு வந்ததும் தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். அக்கா வாசலில் நின்று பேசினாள்.

"ரெண்டு பேரும் சேந்து பச்சக் கொழந்த வயித்துல அடிக்கறீங்களாடா? நானும் மூணு வளத்தேன். மூணும் செத்தா போச்சி?"

"மூணும் நல்லாத்தான் கீது. இது நல்லா இல்ல" என்றேன்.

மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அக்கா என் மகளுக்குப் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கித் தென்னை மரத்தடியில் ஊற்றினேன். அக்கா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் கெட்டவள் இல்லை. என் மகளுக்காகப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள். எனக்கு அவள் மேல் இருந்த கோபத்தைவிட என் மேல் இருந்த கோபம் பெரிது. அதை ஊற்ற இடம் இல்லை.

மனைவி மகளுக்கு மறுபடி தாய்ப்பால் கொடுத்தாள். குறைந்துபோயிருந்த பால் மெதுவாகத்தான் கூடியது. கேழ்வரகைத் தண்ணீரில் காய்ச்சி, இறக்கும்போது இரண்டு கரண்டி பால் விட்டாள். முட்டை மஞ்சள் கருவைச் சோற்றில் பிசைந்தாள். முருங்கைக்கீரையை மசித்து வைத்தாள். மாமல்லபுரத்திலிருந்து கூடையில் வருகிற மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கி, முள் எடுத்து, உதிர்த்து ஊட்டினாள். முதல் நாலு நாள் எல்லாம் சுவரிலும் என் சட்டையிலும்தான் போனது. ஐந்தாம் நாள் மீனை விழுங்கினாள். சொட்டு மருந்து குடித்து வெளிக்குக் கறுப்பாகப் போனதும், அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என் மனைவியிடம் அது விஷம் என்றாள். அந்த மருந்துக்கு அப்படித்தான் போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மீதிப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றினேன். சினேகிதன் வீட்டுத் தூக்குச் சட்டியை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். எனக்கு நயமாகப் பேசத் தெரியாது.

"உன் புள்ளைக்கு இனிமே பாலு தரமாட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"இன்னா மச்சான், மாடு வத்திப் போச்சா?"

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உன் பொண்ணு ஒடம்புக்கு ஒத்துக்கல. என் புள்ள கிண்ணுனு கீறான். அவன் கலரைப் பாத்தியா?"

"அந்தக் கலரைத்தான் சொல்றேன். கண்ண இழுத்துப் பாரு."

"நீ எப்ப டாக்டரு ஆன?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சட்டியை பெஞ்சின் மேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், அப்போதுதான் சிரிப்பு நின்றது.

"உன் பொண்ணுக்கு ரத்தம் குடுக்க வந்து நின்னேன். நீ என் புள்ளைக்குப் பாலு இல்லன்ற."

அவன் வேறொரு வீட்டில் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டான். ஸ்டாண்டில் என் வேனுக்குப் பக்கத்தில் அவன் வேனை நிறுத்துவதை விட்டான். அவன் பையனை எனக்குத் தெரியும், ஒரு மாதத்துக்கு மேல் என் கையால் பால் கொடுத்திருக்கிறேன். நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்த வீட்டுக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தி, பையன் தூங்குகிறான் என்று அனுப்பிவிட்டார்கள். நான் நர்ஸை ஏவிவிட்டேன் என்று ஸ்டாண்டு முழுக்கப் பேச்சானது. ஏவித்தான் விட்டேன்.

இதற்குள் என் மகளுக்கு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. உதடு முதலில் கறுத்தது, பிறகு காது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நல்லா இருந்த பிள்ளையை வெயிலில் போட்டுக் கெடுத்துவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டார். இந்த முறை காப்பி கொடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நான் வண்டி துடைத்துக்கொண்டிருக்கும்போது சினேகிதனின் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. பக்கத்து சீட்டில் அவன் மனைவி, மடியில் பையன். பையன் வெள்ளையாக, குண்டாக, தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வேன் நின்ற குலுக்கலுக்கும் கண் திறக்கவில்லை.

"எந்த ரூமு?" என்றான். என்னைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டான்.

"கொழந்தைங்க ஓபி. பின்பக்க கேட்ல போ. எட்டு மணிக்குள்ள சீட்டு வாங்கிடு, இல்லன்னா கூட்டத்துல மாட்டிக்குவ."

அவன் கியர் போட்டான்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ பாலுன்னு கேப்பாங்க" என்றேன். "கொறச்சிச் சொல்லாத."

"எவ்ளோன்னு நான் எங்க பாத்தேன்?"

அவன் மனைவி பையனின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். "எனுக்குத் தெரியும். நான் சொல்லிக்கிறேன். நீ வண்டிய எடு" என்றாள்.