தேசப்பனைத் தேடிப் பழவேற்காட்டுக்கு

பொங்கல் முடிந்த வாரம் பழவேற்காடு போனேன். பறவை பார்க்க அல்ல. எம்.ஏ. உளவியல் வகுப்பில் என்னோடு படிக்கும் தேசப்பன் மூன்று வாரமாக வரவில்லை. இன்னும் நான்கு நாள் போனால் வருகைப்பதிவு குறைந்து தேர்வெழுத முடியாது. போதாததற்கு, ஓர் ஆய்வுக்காக வெளிநாட்டு மாணவர்களும் நாங்களும் சேர்ந்து நிரப்பும் மனநலக் கேள்வித்தாளில் அவனுடையது மட்டும் பாக்கி. உண்மையைச் சொன்னால், என்னைக் கிளப்பியது அந்தத் தாள்தான்.

சென்ட்ரலிலிருந்து காலை ரயிலில் பொன்னேரி, பத்து ரூபாய், ஒரு மணி நேரம். பிறகு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பழவேற்காட்டில் ஆட்டோக்காரர் குப்பத்துக்கு எண்பது கேட்டார். தேசப்பன் பெயரைச் சொன்னதும், "அவன் நைனா கை ஒடைஞ்சிக்கிது. இன்னைக்கு அவங்க பாடு, ஏரியில இருப்பான்" என்று கரையிலேயே இறக்கிவிட்டார். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது!

பாடு என்றால் முறை. இறால் கிடைக்கும் இடத்தில் ஊர் வகுத்த வரிசைப்படிதான் வலை போடலாம். தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

பத்து மணிக்குப் படகு வந்தது. "இன்னா, இவ்ளோ தூரம்?" என்றான் தேசப்பன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான்.

"'என் நாளை நானே தீர்மானிக்கிறேன்', ஆமாவா இல்லையா? பாட்டுக்கு வலை போடப் போறது நானும் வூடும் சேந்து எடுத்த முடிவு. அதுக்குக் கட்டம் எங்க?"

தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை. "பாடு வாரத்துல ரெண்டு நாள்தான்னு கரையில சொன்னாங்களே? மத்த நாள் ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"மொத வாரம் ரெண்டு நாள்தான் வரலை. யாராச்சும் ஏன்னு கேட்டீங்களா? இங்க அஞ்சு நிமிசம் லேட்டானா வாசல்ல நின்னு கத்துவானுங்கோ. அங்க நான் இல்லனா யாருக்கு இன்னானு வுட்டுட்டேன்."

வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக நலம், உறவு என்று படிக்கிறேன், பக்கத்து வரிசைக்காரனுக்கு ஒரு போன் போடவில்லை. "தப்புதான்டா, மன்னிச்சுடு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "சாப்ட்டுப் போ" என்றான்.

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் அவசியம். பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நான் ஒரு மணி நேரம் நின்றேன். யாரையாவது பார்க்கப் போவதானால், கையில் கேள்வித்தாள் இல்லாமல் போங்கள்.

திங்கட்கிழமை வந்துவிட்டான். இப்போது அவன் பாடு எந்தெந்த நாள் என்று எனக்கு மனப்பாடம். மற்ற நாளில் ஒன்பதரை தாண்டியும் வகுப்பில் காணோம் என்றால், போன் போட்டுக் கத்துகிறேன்.