கிளாரிபெலின் கடல் அட்டைகள்

கண்ணாடிக் குடுவையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுக்கிறாள் கிளாரிபெல். அடுத்து வடிகட்டும் துணி. கடைசியில், கூடப் படிக்க வந்த ரென்ஸின் கை.

"எலுமிச்சை வாசம் வருது. போய் வெறும் தண்ணில நல்லாக் கழுவிட்டு வாடா."

போலீஸ் நாய்க்கெல்லாம் இனி வேலை போச்சு என்று முனகிக்கொண்டே அவனும் போகிறான்.

எங்கள் கடலாய்வு நிலையத்துக்குக் கோடைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுப் பயிற்சிக்கு வருவார்கள். ஆளுக்கொரு ஆய்வு; முடிவில் மணிலாவிலிருந்து வரும் பெரியவர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். கிளாரிபெலுக்குக் கிடைத்தது கடல் அட்டைக் குஞ்சு வளர்ப்பு. அவள் அம்மா சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். நடக்கத் தெரிந்த நாள் முதல் தட்டு கழுவி வளர்ந்த பெண். அடுத்தவர் வீட்டில் அழுக்குப் பாத்திரம் கிடந்தால் கை சும்மா இருக்காது.

வந்த வாரமே அந்தக் கை வேலையைக் காட்டிவிட்டது. நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் குஞ்சு அறையின் கண்ணாடிச் சாமான் அத்தனையையும் சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். குஞ்சுகளுக்குச் சோப்பு விஷம். அலசிய பிறகும் ஒட்டியிருக்கும் துளியே போதும். மறுநாள் தொட்டியின் அடியில் குஞ்சுகள் எல்லாம் செத்து வெள்ளைத் தூசியாகக் கிடந்தன. அன்று அவள் சோறு தொடவில்லை.

ரென்ஸ் 'சோப்பு ராணி' என்று பெயர் வைத்தான். ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டர் நெனிதா திட்டவில்லை. "இன்னொரு தடவைக்குத்தான் தாய் அட்டை இருக்கு. அதுவும் போச்சுன்னா வெறுங்கையோடதான் மேடை ஏறணும்," என்றார்.

"வெறுங்கையோட ஏற மாட்டேன் மேடம்."

இரண்டாம் முறை, தாய் அட்டைகள் முட்டை விடட்டும் என்று தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினாள். அட்டைகள் பாம்பு படமெடுப்பதுபோல் முன்னுடம்பைத் தூக்கி ஆட, இவளும் இடுப்பில் கைவைத்துக் கூடவே ஆடினாள். குஞ்சு பொரித்ததும் பாசித் தண்ணீரை ஊற்றிக் கடைக் குரலில் கூப்பிடுவாள்: "வாங்க, வாங்க, பச்சைக் கஞ்சி சூடு ஆறுது." பாசிக்கு ஏது சூடு என்று கேட்டால் முறைப்பாள்.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் கூரையைக்கூடத் துடைப்பார்கள். பெரியவர்கள் வருவதற்கு முந்தைய நாள், நிலைய மேலாளர் ரோமுலோ சோப்பு வாளியும் நாலு ஆட்களுமாக வந்து நின்றார். கிளாரிபெல் குஞ்சு அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா. தரையெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கு."

"கெடக்கட்டும் மாமா. குஞ்செல்லாம் இப்பதான் தொட்டிக்குள்ள வச்ச தட்டுல இறங்கி ஒட்டுது. ஒரு பொட்டு தெறிச்சாலும் போச்சு."

"நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க?"

"எங்கிட்ட அனுப்புங்க. எங்கம்மா கடைத் தரையைக் குறை சொன்னவங்களையெல்லாம் நான்தான் சமாளிச்சேன்."

ரோமுலோ துணைக்கு ரென்ஸைப் பார்த்தார். அவனோ அவள் பக்கத்தில் போய்க் காலை நீட்டிக்கொண்டான். வாளி வந்த வழியே திரும்பியது.

மறுநாள் பெரியவர்கள் பளபளக்கும் காலணிகளோடு அந்த அழுக்குத் தரையில் வந்து நின்றார்கள். டாக்டர் நெனிதா தொட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் குனிந்தார். தட்டை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு எழுந்து, யாரையும் உட்காரவிடாத தன் நாற்காலியைக் கிளாரிபெல் பக்கம் தள்ளினார்.

"நீயே பாரு."

தட்டு முழுக்கக் கசகசா தூவியதுபோல் குட்டி அட்டைகள், எல்லாம் உயிரோடு. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை தேறும்மா?" என்று கேட்டுக்கொண்டே, கூட்டத்தில் மூத்தவர் முன்னால் வந்தார்.

கிளாரிபெல் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வலது கை எண்ணிக்கொண்டிருக்க, இடது கையை மட்டும் உயர்த்தி, உள்ளங்கை விரித்து, மணிலாவிலிருந்து வந்த அத்தனை பேரையும் நிற்கச் சொன்னாள்.