பாம்புக்கு வாங்கிய மீன்கள்

எங்கள் வீட்டுக் குளம் உண்மையில் குளமே அல்ல. ஆனையூரில் வீடு கட்டியபோது கொத்தனாருக்குத் தண்ணீர் தேக்கிவைக்கப் பின்பக்கம் கட்டிய சிமெண்டுத் தொட்டி. வேலை முடிந்ததும் இடித்துவிடலாம் என்றார் அம்மா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியரான அப்பா கேட்கவில்லை. அடியில் மண் போட்டு, அல்லிக் கிழங்கு ஊன்றி, மீன் வாங்கி விட்டுவிட்டார். தவளைகளும் தட்டான்களும் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தன. ஒரு மீன்கொத்தி துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்து வேவு பார்க்கும். வந்துபோகிற உயிர்களையெல்லாம் அப்பா ஒரு நோட்டில் எழுதிவைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களைவிட அந்த நோட்டில் கூட்டம் அதிகம்.

மீன்கள் என் பொறுப்பு. மொத்தம் பன்னிரண்டு தங்கமீன்கள். காலையில் பல் விளக்கியதும் பொரி தூவி, அவை மேலே வரும்போது எண்ண வேண்டும். "ஒரு தரம் எண்ணுனா அது கணக்கே இல்ல பாப்பா, ரெண்டு தரம் எண்ணு" என்பார் அப்பா. நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரத்தில், பன்னிரண்டு ஒன்பதானது. இரண்டு தரம் எண்ணியும் ஒன்பதுதான். மறுநாள் எட்டு. அன்று சாயங்காலமே திருடனைப் பார்த்துவிட்டேன். அல்லி இலைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஒரு தண்ணீர்ப் பாம்பு. கண்மாய் நிறைந்ததும் சாக்கடை வழியாக ஏறி வந்திருக்க வேண்டும்.

நான் போட்ட கத்தலில் அப்பா கம்போடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அப்பா கம்பை ஓங்கினார். ஓங்கியபடியே சற்று நேரம் நின்றார். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"என்ன சார், ஒரு தண்ணிப் பாம்புக்கு இம்புட்டு யோசனையா? தள்ளுங்க, நான் ஒரே போடா போட்டுட்டுப் போறேன்" என்றார் மாமா.

"வேணாம்ண்ணே. அது பாட்டுக்குப் போயிரும்."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

காரணம் வேறு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அம்மா அப்போது முழுகாமல் இருந்தார், இரண்டாவது மாதம். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடமும் சொல்லவில்லை. வாந்தி எடுத்தால் பித்தம் என்றார்கள், நம்பினேன். மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது. அதிலும் பாம்பைக் கொன்றால் பிறக்கிற பிள்ளை குறையோடு பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்துகிறவர்தான் அப்பா. ஆனால் எனக்கு அடுத்து ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு மனசு, வீட்டில் ஒரு மனசு.

நான் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நைலான் வலை வாங்கிவந்து தொட்டியின் மேல் இழுத்துக் கட்டினார். "பாம்பும் வராது, மீன்கொத்தியும் வராது. யாருக்கும் சேதாரமில்ல" என்று கையைத் தட்டிக்கொண்டார். மூன்று நாள் எட்டு எட்டாகவே இருந்தது.

நான்காம் நாள் காலை பொரியோடு போனேன். பாம்பு வலையில் மாட்டியிருந்தது. கழுத்தில் வலையின் நைலான் நரம்பு இறுகி, பாதி உடம்பு தண்ணீரில் கிடந்து புரண்டது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அப்பா உள்ளேதான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். "நல்லா மாட்டுனியா?" என்று பாம்பிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டேன். அன்று முழுக்கப் பள்ளியில் சந்தோஷமாகவே இருந்தேன்.

சாயங்காலம் நான் திரும்பியபோதும் அது செத்திருக்கவில்லை. அப்பா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப்போய், பரிசு வாங்கி வந்தவள் மாதிரி காட்டினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்பப் பாத்த?"

"இப்பத்தான்" என்றேன். அந்தப் பொய்யை இன்றுவரை நான் திருத்தவில்லை.

அம்மாவின் தையல் கத்தரியை எடுத்துவரச் சொன்னார். பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்திருந்த மனிதர், பாம்பின் தலைக்குப் பின்னால் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நரம்பாக நறுக்கினார். வால் பக்கத்தை ஈரச் சாக்கால் அமுக்கிக்கொள்வது என் வேலை. சாக்குக்குள் அது முறுக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நரம்பு தோலுக்குள் இறங்கியிருந்த இடங்களில் கத்தரி நுனியை மெல்ல நுழைத்து நெம்பினார். நாலைந்து கண்ணி நறுக்கியதும் பாம்பு திரும்பி அவர் பெருவிரலைக் கவ்வியது.

"அப்பா!"

"விஷமில்ல பாப்பா. கத்தாத. அம்மா வந்துரும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னங்க, பின்னாடி என்ன செய்றீங்க?"

"பாசி எடுக்குறேன். நீ வராத, வழுக்கும்!"

ரத்தம் கத்தரியில் வழிந்தது. அவர் நிறுத்தவில்லை. கடைசிக் கண்ணி அறுந்ததும் பாம்பைச் சுவரோரம் மண்ணில் விட்டார். அது கயிறு மாதிரி கிடந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அது மெல்ல அசைந்து, நின்று, மறுபடி அசைந்து, சாக்கடை ஓட்டைக்குள் நுழைந்தது.

"உயிரோடதான போச்சு? நீயும் பாத்தல்ல?" என்றார்.

"பாத்தேன்ப்பா."

"அம்மாட்ட இதச் சொல்லக் கூடாது."

பாம்பைத் தொட்டதற்கு அம்மாவிடம் விழப்போகும் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். விரலில் கத்தரி பட்டுவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். வலையைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கப்பி மீன்கள் வாங்கிவந்து தொட்டியில் கொட்டினார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"எனக்காப்பா?"

"அதுக்கும் பசிக்கும்ல? வந்தா திங்கட்டும்."

அதுக்கு என்றால் பாம்புக்கு. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "ஒண்ணுகூடக் குறையலையா பாப்பா?" குட்டி போட்டுப் பெருகுகிற கப்பியை எண்ண முடியாது. தங்கமீனை எண்ணி, "குறையலப்பா" என்பேன் பெருமையாக. அவர் முகம் வாடிவிடும். அம்மாவுக்கு வயிறு தெரியத் தொடங்கி, தம்பிப் பாப்பா வரப்போகிறது என்று எனக்கும் சொல்லியாயிற்று. அப்போதும் கேட்டார். மீன் குறைந்தால்தான் இந்த மனிதருக்குச் சந்தோஷம் போலிருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. பாம்பு கடைசிவரை வரவேயில்லை.

வைகாசியில் தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததும், அப்பா கட்டிலில் வைத்துத் துணியைப் பிரித்தார். உதட்டைத் தடவிப் பார்த்தார். கைவிரல்களைப் பிரித்துப் பிரித்து எண்ணினார், அப்புறம் கால்விரல்களை. மறுபடி கையிலிருந்து ஆரம்பித்தார்.

"அதான் எல்லாம் நல்லாருக்குன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்கல்ல. இன்னும் என்ன பாக்குறீங்க?" என்றார் அம்மா, களைப்பாகச் சிரித்தபடி.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எண்ணு பாப்பா."

நான் இரண்டு தரம் எண்ணினேன். "கையில பத்து, கால்ல பத்து. ஒண்ணுகூடக் குறையலப்பா."

அப்பா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏழு மாதமாக அந்த வார்த்தைக்கு அவர் முகம் வாடுவதைப் பார்த்தவள் நான். பயந்துபோய் அவர் தோளைத் தொட்டு, "வேணும்னா இன்னொரு தரம் எண்ணுறேன்ப்பா" என்றேன்.