சிதார்ஸ்கா என்றால் சல்லடைக்காரன் வீட்டுப் பெண்

பெட்ரோனெலா பிறந்தது உழவர் வீட்டில். பத்தொன்பது வயதில் வலென்டியைக் கட்டிக்கொண்டு சிதார்ஸ்கா ஆனாள். எங்கள் மொழியில் ‘சித்தோ’ என்றால் சல்லடை. குதிரைவால் மயிரில் சல்லடை நெய்த யாரோ ஒரு பாட்டனுக்கு ஊர் வைத்த பட்டம், வீட்டு ஆண்களுக்கு சிதார்ஸ்கி, பெண்களுக்கு சிதார்ஸ்கா என்று நிலைத்துவிட்டது. எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு இந்தப் பெயர்தான். அதன் பொருளை அவளுடைய அம்மா கல்யாணத்தன்றே சொல்லிவிட்டாள்.

“அந்தப் பேரு உள்ள வீட்ல குளிர்காலத்துல ஆம்பள இருக்கமாட்டான்டி. பாதையப் பாத்தே கண்ணு பூத்துப்போகும்.”

அறுவடை முடிந்ததும் ஆண்கள் சல்லடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வோல்கா ஆறு வரை விற்கப் போவார்கள். ஜூன் கடைசியில், யோவான் திருநாளுக்குத் திரும்புவார்கள். இடையில் பனி, காய்ச்சல், வழிப்பறி. பதினோரு குளிர்காலம் பெட்ரோனெலா அரைத்தூக்கம்தான் தூங்கினாள். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் அவள் பொறுப்பு.

எல்லோரும் உயிரோடு திரும்பினால் வண்டி நேரே வீட்டுக்கு வரும். ஆள் குறைந்திருந்தால் முதலில் பாதிரியார் வீட்டு வாசலில் நிற்கும். சாவுச் செய்தியை மனைவியிடம் அவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு வலென்டி, கூட்டாளி ரோக்குடன் ஒரே வண்டியில் போயிருந்தான். ஜூன் மாதம், உச்சிவெயிலில், அந்த வண்டி பாதிரியார் வீட்டு வாசலில் நின்றது. இறங்கியது ரோக் மட்டும்.

மாமியார் மார்ச்யான்னா சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினாள்; கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பக்கத்து வீட்டுக்காரி, விதவைகள் கட்டும் கறுப்புத் தலைத்துணி ஒன்றை மேசையில் வைத்தாள். பெட்ரோனெலா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதிரியார் வந்தார். பின்னால் ரோக், தொப்பியைக் கையில் கசக்கியபடி.

“செத்துட்டாரா, சாமி?”

பாதிரியார் ரோக்கைப் பார்த்தார்.

“இல்ல அண்ணி. வோல்கா கரைல, சரத்தோவ்ல நல்லாத்தான் இருக்கான். அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறான். நாலு வருஷமா. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல பயந்துதான் சாமிகிட்ட போனேன்.”

மகன் உயிரோடு இருக்கிறான் என்றதும் மார்ச்யான்னா சிலுவை போடக் கையைத் தூக்கினாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

பெட்ரோனெலா கறுப்புத் துணியை மடித்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் திருப்பிக் கொடுத்தாள். ரோக் இன்னும் நகரவில்லை. மீதியையும் சொன்னான்: வலென்டி அக்டோபரில் ஒருமுறை வருவான். வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுப் போய்விடுவான். பத்திரம் அவன் பெயரில்தானே இருக்கிறது.

“எங்கள எங்க போகச் சொன்னாரு?”

“அதப் பத்தி ஒண்ணும் சொல்லல அண்ணி.”

“என்னைய?” என்றாள் மார்ச்யான்னா. ரோக் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

திருநாள் முடிந்தது. மற்ற பெண்கள் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இந்தச் சிதார்ஸ்கா வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் விடவில்லை. அக்டோபரில் ஒருநாள் கிழக்கே, வோல்கா பாதையில் ஒற்றை வண்டியின் தூசி எழுந்தது. பெட்ரோனெலா பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“தாழ்ப்பாள் போடு,” என்றாள் மாமியார். “கோடாலிய என் பக்கத்துல வை.”