இரண்டு பள்ளிக்கூடம், ஒரே படிக்கட்டு

1. சோடா மூடிகள்

தாராவியில் நான் கடைசியாக வேலை பார்த்த கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. முதல் மாடியில் இந்தி மீடியம், இரண்டாம் மாடியில் எங்கள் தமிழ் மீடியம். மாடிக்கு மாடி வேறு ஹெச்.எம்., வேறு நோட்டீஸ் போர்டு, வேறு சட்டம். மும்பையில் இது சகஜம். படிக்கட்டு மட்டும் ஒன்றுதான். சுவரை ஒட்டிப் பழைய பிளாஸ்டிக் சேர்த்து வைக்கும் பங்கார் குடோன்.

நான்காம் வகுப்புக்குக் கணினிச் சிந்தனை கற்றுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, எங்களிடம் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஹெச்.எம். சிரித்தார். "என்ன மேடம், தண்ணியே இல்லாம நீச்சல் கத்துக்குடுக்கப் போறீங்களா?"

எனக்கு வீம்பு வந்துவிட்டது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கூல்டிரிங்க் கடையில் பை நிறைய சோடா மூடிகள் கேட்டு வாங்கி வந்தேன். எந்த வேலையையும் சின்னச் சின்னக் கட்டளைகளாக எழுத வேண்டும். மூடிகள் அந்தக் கட்டளைப்படி மட்டும் நகர வேண்டும். இதுதான் பாடம். "நீங்கள்லாம் இப்போ மெஷின். சொன்னதை மட்டும்தான் செய்யணும். சொந்த மூளையை ஆத்துல வச்சுட்டு வாங்கோ" என்பேன். பிள்ளைகளுக்கு ஏக குஷி.

ஒரு நாள் தீ பிடித்தால் வெளியேறும் டிரில்லைப் பாடமாக எடுத்தேன். தரையில் சாக்பீஸால் எங்கள் கட்டடத்தை வரைந்தோம். சிவப்பு மூடிகள் நாங்கள். எங்கள் பள்ளியின் விதி எளிது. மணி அடித்ததும் வரிசையாகப் படிக்கட்டின் மேல்முனைக்கு வர வேண்டும். கீழ் மாடிப் பிள்ளைகள் இறங்கி முடித்த பிறகு இறங்க வேண்டும்.

அப்போது முத்துச்செல்வி ஒரு கை நிறைய நீல மூடிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இந்தி ஸ்கூல் பிள்ளைங்களையும் வைக்கணும்லா? எந் தங்கச்சி இசக்கி அங்கதான இருக்கா."

தமிழ் படித்து பம்பாயில் என்ன கிடைக்கப்போகிறது என்று அவள் அப்பா சின்னவளை இந்தி மீடியத்தில் போட்டிருந்தார்.

"அவா ரூல் நமக்குத் தெரியாதேடி."

"எனக்குத் தெரியும் டீச்சர். வீட்ல அவ எப்பவும் டிரில் வெளாட்டுதான் வெளாடுவா. மணி அடிச்சா வாயில வெரல வச்சுக்கிட்டு வாசல்ல வரிசையா நிக்கணும். மேல் மாடிப் பிள்ளைங்க எல்லாரும் எறங்குன பொறவுதான் போவணும்."

நீல மூடிகளை முதல் மாடி வாசலில் அடுக்கினாள். நான் மணிக்குப் பதிலாகக் கை தட்டினேன். சிவப்பு மூடிகள் படிக்கட்டுக்கு வந்து நின்றன. நீல மூடிகள் வாசலில் நின்றன.

"ம், நகர்த்துங்கோ."

"யாரை டீச்சர்?" என்றாள் முத்துச்செல்வி. "அவங்க எறங்கட்டும்னு நாம நிக்கோம். நாம எறங்கட்டும்னு அவங்க நிக்காங்க. ரூல்படி யாரும் நவர முடியாதுல்லா."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் இதை டெட்லாக் என்பார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்து, இருவருமே நின்றுவிடுவது. இரண்டு பள்ளிகளும் டிரில் நடத்தி இன்ஸ்பெக்ஷனில் பாஸானவை. ஆனால் வேறு வேறு நாளில். கீழ் மாடி இறங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு நாங்கள் இறங்கினோம். மேல் மாடி இறங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள்.

2. மணி

"மேடம், அது சோடா மூடி. நிஜத்துல மணி அடிச்சா பசங்க விழுந்தடிச்சு ஓடிடுவாங்க" என்றார் ஹெச்.எம்.

கீழ் மாடி ஹெச்.எம். அம்மாள் ஒருபடி மேலே. "அரே டீச்சர், ஹமாரா டிரில் தோ ஏக்தம் பர்ஃபெக்ட் ஹை." அவர்கள் டிரில்லில் குறையே கிடையாதாம்.

நான் விடவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல், இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே டிரில், முன்கூட்டி யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

மணி அடித்தது. எங்கள் பிள்ளைகள் படிக்கட்டின் மேல்முனைக்கு வந்து நின்றார்கள். இந்திப் பள்ளிப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் டீச்சர் ஒருத்தி கீழே பார்த்து, போங்கள் என்று கை காட்டினாள். கீழிருந்த டீச்சர், "பஹலே ஆப்", முதலில் நீங்கள் என்று கை காட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருவரும் ஓடவில்லை. அழகான வரிசை, பேச்சுமூச்சு இல்லை. ஹெச்.எம். சொன்னதுதான் சரி, பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் வரிசையில் முதலில் நின்றவள் முத்துச்செல்வி. கீழே முதலில் நின்றவள் இசக்கி. வாயில் விரல், கண் நிறையத் தண்ணீர், அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு படிகூட இறங்கவில்லை.

எங்கள் ஹெச்.எம்.முக்கு முகம் வெளுத்துவிட்டது. "எறங்குங்கப்பா! எல்லாரும் எறங்குங்க!" என்று அவர் போட்ட கத்தலில்தான் வரிசை அசைந்தது.

3. கடைசி வரி

அந்த வாரமே இரண்டு ஹெச்.எம்.களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே விதி எழுதினார்கள். கீழ் மாடி முதலில். படிக்கட்டுச் சுவரில் இந்தியிலும் தமிழிலும் பெயிண்ட் அடித்தாயிற்று.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. முத்துச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏண்டி நின்னே? அது தப்பான ரூல்னு கண்டுபிடிச்சவளே நீதானே?"

"மெஷின் சொன்னதை மட்டும்தான் செய்யும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க."

"நிஜமாவே தீ பிடிச்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்பமும் நின்னிருப்பேன் டீச்சர்."

இத்தனை வருஷ வேலையில் எந்தப் பிள்ளையின் பதிலும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

மறுநாள் மூடிகளைத் திரும்பவும் தரையில் கொட்டினேன். கட்டளைகளில் கடைசி வரி ஒன்று குறைகிறது, அதை நீங்களே எழுதுங்கள் என்றேன். அவரவர் ஏதேதோ எழுதினார்கள். முத்துச்செல்வி எழுதியதைச் சுவரில் சேர்க்கச் சொல்லி ஹெச்.எம்.மிடம் மன்றாடி ஜெயித்தேன்: "பத்து வரை எண்ணு. யாரும் நகரவில்லை என்றால், நீ நகரு."

இந்தப் பாடம் எடுக்க வரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளைகளை மெஷினாக்கி விளையாடுங்கள், தப்பில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்களைத் திரும்ப மனுஷராக்கிவிட்டு மணி அடியுங்கள்.